எலிக்காய்ச்சல் எப்போது கூடும்? கொழும்பில் முன்கணிப்பு ஆய்வு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று பல ஊர்களிலிருந்து புள்ளிவிபரவியலோ புவியியலோ மருத்துவமோ படித்த இளையவர்கள் முதுநிலை ஆய்வுக்காகக் கொழும்புக்கு வருகிறார்கள். காலநிலை மாற்றமும் விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களும் என்ற தலைப்போடு வருபவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். தரவு எங்கே இருக்கிறது, எந்தக் கடிதம் முதலில் வேண்டும், எதற்குக் காசு கட்ட வேண்டும், எது இலவசம் என்பதெல்லாம் ஓரிடத்தில் எழுதப்பட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தொடங்குமுன் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்: "முன்கணிப்பை வெளியிடும் நாளில் இந்தத் தரவு என் கையில் இருந்திருக்குமா?" கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். பழைய தரவை வைத்து அழகான வரைபடம் போடுவது ஒரு வேலை. அடுத்த மாதம் எந்தப் பிரதேசத்தில் ஆட்கள் நோயில் விழுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்வது வேறு வேலை. இந்தக் கட்டுரை இரண்டாவது வேலைக்கானது.

1. ஒரே ஒரு நோயைத் தேர்ந்தெடுங்கள்

"விலங்குவழி நோய்கள்" என்று பன்மையில் தொடங்கினால் ஒன்றும் முடியாது. தேர்வுக்கு மூன்று நிபந்தனைகள்: இலங்கையில் போதிய எண்ணிக்கையில் நோயாளர் இருக்க வேண்டும், வாராவாரம் பதிவாக வேண்டும், வானிலையோடு நோய்க்கு உண்மையான தொடர்பு இருக்க வேண்டும்.

விசர்நாய்க்கடி நோய் கொடியது, பதிவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நிர்ணயிப்பது நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் கடிபட்டவர் உடனே சிகிச்சைக்குப் போவதும்தான். மழை அதில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கேரளத்தில் 2018-இல் நிப்பா வந்த பிறகு இங்கேயும் பலர் அதைத் தலைப்பாக எடுக்க விரும்புகிறார்கள். இலங்கையில் நோயாளரே பதிவாகாதபோது எதை வைத்து உங்கள் கணிப்பு மாதிரியை (கணக்கிட்டு முன்கூட்டிச் சொல்லும் கணித அமைப்பை) சரிபார்ப்பீர்கள்? உண்ணிக்காய்ச்சலும் மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியாசிசும் நல்ல தலைப்புகள். ஆனால் லீஷ்மேனியாசிஸ் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பிந்தித்தான் சேர்ந்தது. அதன் தரவுத் தொடர் குறுகியது.

முதன்முதலாக இறங்குபவருக்கு எலிக்காய்ச்சலைத்தான் பரிந்துரைப்பேன். எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. கால் வெடிப்பு, கீறல், கண், வாய் வழியாக உடலுக்குள் போகிறது. மழை, வெள்ளம், வயல் வேலை மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் நோய் இது. 2008-இல் இலங்கையில் பெரும் பரவல் ஏற்பட்டு ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். இரத்தினபுரி, களுத்துறை, கம்பஹா, காலி ஆகிய மாவட்டங்களில் எந்த ஆண்டை எடுத்தாலும் எண்ணிக்கை இருக்கும்.

2. கடிதங்களை முதல் மாதமே நகர்த்துங்கள்

எல்லோரும் மென்பொருளில் தொடங்கிக் கடிதத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடிதம்தான் மெதுவாக நகர்வது, ஆகவே அது முதலில் போக வேண்டும்.

முதலில் உங்கள் துறைத் தலைவரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் வாங்குங்கள். ஆய்வுத் தலைப்பு, மேற்பார்வையாளர் பெயர், தேவையான தரவு, தரவின் காலப்பகுதி, பயன்படுத்தும் நோக்கம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். "எலிக்காய்ச்சல் பற்றிய தரவுகள்" என்று பொதுவாக எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். "2010 முதல் 2024 வரை, சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வாரியாக, வாராந்த எண்ணிக்கை, நோயாளர் பெயர் முகவரி இன்றி" என்று எழுதினால் வாசிப்பவர் அதிலேயே முடிவெடுக்கலாம். அசல் பிரதிகளைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அலுவலகமும் அசலைத்தான் கேட்கும். கடிதம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, பல்கலைக்கழக அடையாள அட்டைப் பிரதி, ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெறிமுறை மீளாய்வுக் குழு. வெளியிடப்பட்ட மாவட்டத் தொகைகளை மட்டும் பயன்படுத்தினால் முழு விண்ணப்பம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனாலும் "விலக்கு அளிக்கப்படுகிறது" என்று எழுத்தில் வாங்குங்கள், பின்னர் கட்டுரை வெளியிடும்போது ஆய்விதழ்கள் அதைக் கேட்கும். தனிநபர் விபரம் தேவையென்றால் முழு விண்ணப்பம்தான். அப்போது 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். குழுக்கள் குறித்த நாட்களில்தான் கூடும், கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும், மறுபடி கூடும். இரண்டு மூன்று மாதம் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். வேலையை முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்க முடியாது.

கடிதம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, திகதி, தொடர்பு இலக்கம் மூன்றையும் உங்கள் பிரதியில் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு மாடி மாறிப் போய்விட்டது. கையில் இருந்த முத்திரையிட்ட பிரதிதான் அதைத் திரும்பக் கண்டுபிடித்துத் தந்தது.

மொழி பற்றி: தமிழில் விண்ணப்பிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விரைவு வேண்டுமென்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியைச் சேர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்ப்புக்கென்று கோப்பு காத்துக்கிடக்கும் நாட்கள் மிச்சமாகும்.

பதிலே வரவில்லையென்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். நோயாளரின் தனிப்பட்ட விபரம் இந்த வழியில் கிடைக்காது. என் கருத்தில் இது இரண்டாம் வழியாகவே இருக்கட்டும். அந்த அலுவலகத்தோடு நீங்கள் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் டிசம்பர் பிற்பகுதியிலும் கடிதம் நகரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

3. நோய் எண்ணிக்கை: வாராந்த அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கிறது. அது ஒவ்வொரு வாரமும் ஓர் அறிக்கையை பீடிஎஃப் வடிவில் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. முதல் பக்கங்களில் ஒரு கட்டுரை, பின்பக்கத்தில் ஒரு பெரிய அட்டவணை. உங்களுக்கு வேண்டியது அந்த அட்டவணை.

அதை ஆறுதலாகப் பாருங்கள். இடப்பக்கம் பிராந்திய சுகாதாரப் பிரிவுகள், மொத்தம் 26. மாவட்டங்கள் 25 தானே என்று கேட்பீர்கள். அம்பாறை மாவட்டம் சுகாதார நிர்வாகத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அம்பாறை பட்டியலின் நடுவில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே வரும். கல்முனையோ கேகாலைக்கும் கீழே, கடைசி வரிசையில் இருக்கும். மாவட்ட வரைபடத்தோடு இணைக்கும்போது இந்த இரண்டையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் கிழக்கின் ஒரு பெரிய மக்கள் கூட்டமே உங்கள் ஆய்விலிருந்து காணாமற்போகும்.

ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு நிரல்கள். "ஏ" அந்த வாரத்தில் பதிவானது, "பி" ஆண்டின் தொடக்கத்திலிருந்து சேர்ந்த தொகை. இந்த வாரத்து "பி"-இலிருந்து போன வாரத்து "பி"-ஐக் கழித்தால் இந்த வாரத்து "ஏ" வர வேண்டும். எல்லா வாரத்துக்கும் எல்லா வரிசைக்கும் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள். பொருந்தாத இடத்தில் ஒன்றில் நீங்கள் தட்டச்சில் பிழைவிட்டிருப்பீர்கள், அல்லது அங்கே எண் பின்னர் திருத்தப்பட்டிருக்கும். இரண்டையும் குறித்துவையுங்கள்.

வலக்கோடியில் "ரி", "சி" என்று இரண்டு நிரல்கள் உண்டு. குறித்த நாளுக்குள் எத்தனை வீதமான அறிக்கைகள் வந்தன என்பது முதலாவது, மொத்தத்தில் எத்தனை வீதம் வந்து சேர்ந்தன என்பது இரண்டாவது. பலர் இதைப் பதிவுசெய்வதே இல்லை. ஒரு மாவட்டத்தில் அறிக்கைகள் பாதிதான் வந்திருந்தால் அங்கே நோயாளர் குறைந்தது போலத் தோன்றும். உங்கள் மாதிரி அதை நம்பிவிடும்.

இன்னொரு பொறி, வார இலக்கம். இங்கே வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. அறிக்கையின் தலையில் ஒரு திகதி இருக்கும், அட்டவணையின் தலையில் அதற்கு முந்திய வாரத்தின் திகதி இருக்கும். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மென்பொருள்கள் வாரத்தைத் திங்களிலோ ஞாயிறிலோ தொடங்குவதால், மழைத் தரவை வாரமாகச் சேர்க்கும்போது சனி முதல் வெள்ளி என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு ஒரே நோயை எடுத்தாலும் 26 வரிசை, 52 வாரம் என்று 13,520 எண்கள். பீடிஎஃப்பிலிருந்து தானாக உருவும் கருவிகள் பெரும்பாலான பக்கங்களில் வேலை செய்யும், ஆனால் ஆண்டுகள் போகப்போக அட்டவணையில் புதிய நோய்கள் சேர்ந்து நிரல்கள் இடம்மாறியிருக்கின்றன. எந்த நிரல் எந்த நோய் என்பதை ஒவ்வோர் ஆண்டுக்கும் கண்ணால் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு உங்கள் நேரம் மட்டும்தான். ஒரு மாதம் முழுதாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முன்கணிப்பு செய்பவர் எல்லோரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது இது. எங்கள் துறையில் இதைத்தான் அதிகம் புறக்கணிக்கிறார்கள் என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒருவர் ஒரு திங்கட்கிழமை வயலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி உடலுக்குள் போய்க் காய்ச்சல் வர வழக்கமாக 5 முதல் 14 நாட்கள் ஆகும். 2 முதல் 30 நாட்கள் வரையும் போகலாம். காய்ச்சலை இரண்டு மூன்று நாள் பரசிற்றமோலோடு தாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே மருத்துவர் சந்தேகப்பட்டதும் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளர் வசிக்கும் இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 படிவத்தில் அறிக்கை தருவார். அந்த வாரத்தில் சேர்ந்தவற்றை எச் 399 என்ற வாராந்தத் திரட்டாகத் தொற்றுநோயியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். நாடெங்கும் 350-க்கும் மேற்பட்ட பிரிவுகளிலிருந்து அவை வந்து சேர்ந்த பிறகுதான் நீங்கள் பார்க்கும் அந்த எண் அட்டவணையில் ஏறுகிறது.

ஆகவே அட்டவணையில் இருக்கும் வாரம் தொற்று ஏற்பட்ட வாரமன்று. காய்ச்சல் வந்த வாரமும் அன்று. மழை பெய்து ஒரு மாதம் கழித்து எண்ணிக்கை ஏறினால் அந்த ஒரு மாதத்தில் கிருமியின் பங்கு கொஞ்சம், காகிதத்தின் பங்கு கொஞ்சம். உங்களால் எச் 411 அளவிலான தரவைப் பெற முடிந்தால், காய்ச்சல் தொடங்கிய திகதியைக் கேளுங்கள். ஒரேயொரு நிரல்தான் கூடக் கேட்க முடியும் என்றால் அதைக் கேளுங்கள்.

இடமும் இதே போலத்தான். கொழும்பில் வேலை செய்பவர் லீவில் இரத்தினபுரிக்குப் போய்த் தன் வயலில் இறங்கியிருப்பார். காய்ச்சலோடு கொழும்புக்குத் திரும்பி இங்கே அனுமதிக்கப்படுவார். அவர் கொடுக்கும் முகவரி கொழும்பு விடுதியுடையதாக இருந்தால் எண்ணிக்கை கொழும்பில் ஏறும். கொழும்பு மாவட்டத்து எண்ணிக்கையை விளக்க கொழும்பு மழை மட்டும் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

மேலும், இவை சந்தேகத்தின் பேரில் அறிவிக்கப்பட்டவை. உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனைக்குப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்தான் தேசிய ஆய்வுகூடம். அந்தப் பரிசோதனைக்கு நாட்கள் இடைவிட்டு எடுத்த இரண்டு இரத்த மாதிரிகள் இருந்தால்தான் முடிவு திடமாக இருக்கும். எல்லா நோயாளருக்கும் அது நடப்பதில்லை. டெங்கு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் காய்ச்சல் வந்தவர்களை எல்லோரும் டெங்குக் கண்ணோடுதான் பார்ப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். 2020, 2021 ஆகிய கோவிட் ஆண்டுகளைத் தனியாகக் குறியிடுங்கள். ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கமே அப்போது மாறிவிட்டது.

5. மழையும் ஆறும்: எதற்குக் காசு கட்டுவது

வளிமண்டலவியல் திணைக்களம் கொழும்பு 07, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. நிலைய அளவீடுகள் அங்கே கட்டணத்துக்குக் கிடைக்கும். நிலையம், மாறி (மழை, வெப்பம் போன்றவை), காலப்பகுதி ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை கூடும். எனவே "எல்லா நிலையமும், எல்லா மாறியும்" என்று கேட்காதீர்கள். வேண்டிய நிலையங்களைப் பட்டியலிட்டு முதலில் விலைமதிப்புக் கேளுங்கள். மாணவர் சலுகை உண்டா என்று அப்போதே எழுத்தில் கேளுங்கள். கொழும்பு, இரத்மலானை, கட்டுநாயக்க, இரத்தினபுரி என்று சில நிலையங்களின் நாளாந்த மழை இருந்தால் போதும்.

மற்றதெல்லாம் செய்மதி வழியாகவோ கணினிக் கணிப்பாகவோ இலவசமாகக் கிடைக்கிறது. சர்ப்ஸ் (CHIRPS) மழைத் தரவு 1981 முதல், ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சதுரங்களில் இருக்கிறது. ஈரா5-லேண்ட் (ERA5-Land) என்ற கணினிக் கணிப்புத் தரவு 1950 முதல் மழை, வெப்பம், மண் ஈரம் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் தருகிறது. நாசாவின் ஐமெர்க் (IMERG) அரை மணிக்கொருமுறை மழையைச் சொல்கிறது. இவற்றை, காசு கொடுத்து வாங்கிய நிலையத் தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைச்சரிவுகளில் செய்மதி கனமழையைக் குறைத்துக் காட்டும் இடங்கள் இருக்கும்.

இங்கே மேசைக்கு மேலே ஒட்டிய கேள்வியைப் பாருங்கள். சர்ப்ஸின் இறுதிப் பதிப்பு அடுத்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில்தான் வரும். ஐமெர்க்கின் இறுதிப் பதிப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறுதிப் பதிப்பை வைத்து மாதிரியைப் பயிற்றிவிட்டு, நடைமுறையில் முதற்பதிப்பை ஊட்டினால் இரண்டும் ஒன்றல்ல. எந்தப் பதிப்பு அன்றன்றைக்குக் கிடைக்குமோ அதையே தொடக்கத்திலிருந்து பயன்படுத்துங்கள்.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். இலங்கை நிலையங்களில் மழை காலை 8.30-க்கு அளக்கப்பட்டு முந்திய 24 மணிநேரத்துக்குப் பதிவாகிறது. செய்மதியின் நாள் நமது நேரம் காலை 5.30-க்குத் தொடங்குகிறது. ஒரே பெருமழை ஒரு தரவில் செவ்வாயிலும் மற்றதில் புதனிலும் விழும்.

ஆற்று நீர்மட்டம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. இடர் முகாமைத்துவ நிலையம் அந்த அட்டவணைகளை மழைக்காலத்தில் நாளுக்குப் பலமுறை வெளியிடுகிறது. களனி கங்கையின் வரிசைகளைப் பாருங்கள்: ஹங்வெல்லையும் கிளென்கோர்ஸும் மீற்றரில், கொழும்பு நாகலகம் வீதி மட்டும் அடியில். அலகு நிரலைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டினால் கொழும்பில் வரலாறு காணாத வெள்ளம் வந்திருக்கும், உங்கள் கோப்பில் மட்டும்.

6. எல்லைகள், மக்கள்தொகை, வயல்

இதை நீட்ட வேண்டியதில்லை. மாவட்ட, பிரதேச செயலக எல்லைக் கோப்புகள் மனிதாபிமானத் தரவுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிகாரபூர்வ வரைபடம் வேண்டுமென்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் காசு கட்டி வாங்கலாம். வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ் போகும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் பிரதேச செயலகப் பிரிவும் பல இடங்களில் ஒன்றாக இருந்தாலும் எல்லா இடத்திலும் இல்லை. பொருந்தாதவற்றை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத் தீர்க்க வேண்டும். மக்கள்தொகைக்குப் பத்தரமுல்லையில் உள்ள தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம். 2012 தொகைமதிப்புக்குப் பிறகு அடுத்தது 2024-இல்தான் நடந்தது, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மதிப்பீடுகளே உண்டு. பெரும்போக, சிறுபோக நெற்பரப்பும் அதே திணைக்களத்தில் மாவட்ட வாரியாகக் கிடைக்கும். அதைத் தவறாமல் எடுங்கள். எத்தனை பேர் சேற்றில் கால் வைத்தார்கள் என்பதை அதற்கு நெருக்கமாகச் சொல்லும் வேறு எண் உங்களுக்குக் கிடைக்காது.

7. மாதிரி: எளிமையானதை முதலில் தோற்கடியுங்கள்

ஆர் (R), பைதான் என்ற நிரல் மொழிகள், கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் மூன்றும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும்.

முதல் மாதிரி மிக எளியது: கடந்த ஐந்தாண்டுகளில் இதே வாரத்தில் இதே மாவட்டத்தில் வந்த எண்களின் சராசரி. இதை முதலில் செய்து அதன் பிழையை எழுதிவையுங்கள். நீங்கள் கட்டும் எந்தச் சிக்கலான மாதிரியும் இதைவிட நன்றாகக் கணிக்க வேண்டும். எத்தனையோ ஆய்வுகள் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. செய்தால் அவற்றில் பல நிற்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது எதிர்ம ஈருறுப்புப் பரவலில் அமைந்த பின்னடைவு மாதிரி (negative binomial regression). எண்ணிக்கை சில வாரங்களில் திடீரென்று பாய்வதால், சராசரியும் மாறுபாடும் சமம் என்று கொள்ளும் பொய்சான் (Poisson) பரவல் தாங்காது. பருவம், பிந்திய மழை, கடந்த வாரங்களின் நோயாளர், மக்கள்தொகை இவ்வளவும் போதும். மழையின் தாக்கம் எத்தனை வாரம் பிந்தி வருகிறது என்று தேடும்போது, 26 பிரிவுக்கும் 12 பின்னிடைவுகளை (ஒரு வாரம் பிந்தி, இரண்டு வாரம் பிந்தி என்று) ஓடவிட்டு அழகானதை எடுக்காதீர்கள். அத்தனை முயற்சியில் ஏதோ ஒன்று தற்செயலாகவே அழகாக வரும். நான்காம் படியில் பார்த்த நாட்களைக் கூட்டி, மூன்று முதல் பத்து வாரம் என்று காரணத்தோடு ஒரு வரம்பை முன்கூட்டியே எழுதிவிட்டு அதற்குள் தேடுங்கள்.

சரிபார்ப்பில் வாரங்களைக் குலுக்கிப் பிரிக்கக்கூடாது. 2018 வரை பயிற்றி 2019-ஐக் கணியுங்கள், பிறகு 2019-ஐயும் சேர்த்து அடுத்ததைக் கணியுங்கள். ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் "இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில்" என்று வரம்பாகச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு அதிகம் பேர்போகாத யாழ்ப்பாணத்தில் 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலின் வெள்ளம் வந்தது. டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலில் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. பழைய எண்ணிக்கையை மட்டும் கற்ற மாதிரி யாழ்ப்பாணத்தைக் கடைசி வரிசையில்தான் வைத்திருக்கும். எனவே எண்ணிக்கைக் கணிப்போடு சேர்த்து, வெள்ள நீர் தேங்கும் இடம், நெல் வயல், கால்நடை மூன்றும் ஒன்றாக இருக்கும் பிரிவுகளைத் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். நோயாளரே இல்லாத இடமும் அந்தப் பட்டியலில் வரலாம்.

8. "காலநிலை மாற்றம்" என்று எப்போது எழுதலாம்

மூன்று கால அளவுகளைப் பிரித்து வையுங்கள். சில வாரம் முன்னே பார்ப்பது வானிலை. சில மாதம் முன்னே பார்ப்பது பருவம். இங்கே எல் நினோவும் (பசிபிக் கடல் வழமைக்கு மேல் சூடாவது) இந்து சமுத்திர இருமுனையும் (அந்தச் சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் மாறுபடுவது) உதவும். எல் நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் போக்கு இருக்கிறது, அதுவே பெரும்போக விதைப்புக் காலமும். பத்தாண்டுகளாகப் பார்ப்பதே காலநிலை.

பதினைந்து ஆண்டு நோய்த் தரவில் ஏறுமுகம் தெரிந்தால் உடனே காலநிலை என்று எழுதிவிடாதீர்கள். மருத்துவர்கள் விழிப்படைந்தது, படிவம் கணினிக்கு மாறியது, ஆய்வுகூட வசதி கூடியது எல்லாம் அதே ஏறுமுகத்தைத் தரும். எதிர்காலத்துக்குச் செல்ல விரும்பினால் நாசா 25 கிலோமீற்றர் அளவுக்குச் சுருக்கி இலவசமாகத் தரும் காலநிலை மாதிரித் தரவுகள் 2100 வரை இருக்கின்றன. அந்தச் சதுரத்துக்குள் மத்திய மலைநாட்டின் ஈரமான மேற்குச் சரிவும் காய்ந்த கிழக்குச் சரிவும் கலந்துவிடும். ஒரேயொரு காலநிலை மாதிரியை மட்டும் நம்பாமல் பலவற்றை எடுத்து, அவை எங்கே முரண்படுகின்றன என்பதையும் எழுதுங்கள். மழை பிந்தினால் விவசாயி விதைப்பைப் பிந்துவார். அதை எந்தக் காலநிலை மாதிரியும் உங்களுக்குச் சொல்லாது.

9. எலியைப் பிடிக்கப் போகுமுன்

முதலாண்டில் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காட்டுயிர் மாதிரி எடுக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி, விலங்கு ஆய்வுக்கான தனி நெறிமுறை அனுமதி, பாதுகாப்பு உடை, ஆய்வுகூடச் செலவு, வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பினால் அதற்கு வேறு அனுமதி என்று அது தனி ஆய்வாகவே வளரும். கால்நடைகளின் தரவுக்குப் பேராதனையில் உள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தோடு கடிதத் தொடர்பை மட்டும் இப்போதே தொடங்குங்கள்.

வயலில் கால் வைக்கும் எந்தக் களப்பயணத்துக்கும் முன்பு பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தியுங்கள். தடுப்புக்கு டொக்சிசைக்ளின் (நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை) தேவையா என்று அவரே சொல்வார். பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

10. முன்கணிப்பை யாரிடம், எப்போது கொடுப்பது

ஒரு முன்கணிப்பின் பயன் அதைப் பெறுபவருக்குக் கிடைக்கும் நாட்களில் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு டொக்சிசைக்ளின் கொடுக்க வேண்டும் என்றால் மாத்திரை கையிருப்பு வேண்டும், பட்டியல் வேண்டும், ஊருக்குள் போக நாள் வேண்டும். மூன்று நான்கு வாரம் முன்னே சொன்னால்தான் அவர்களால் ஏதாவது செய்ய முடியும். ஆகவே ஒரு வாரம் முன்னே மிகத் துல்லியமாகச் சொல்லும் மாதிரியைவிட, நான்கு வாரம் முன்னே ஓரளவு சரியாகச் சொல்லும் மாதிரியையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். எந்தப் பிரிவு, எந்த வாரங்கள், வழமையைவிட எவ்வளவு கூடலாம், எவ்வளவு நிச்சயம், கடந்த முறை சொன்னது பலித்ததா என்ற ஐந்தும் இருக்கட்டும். பலிக்காததை மறைக்காதீர்கள். வீண் எச்சரிக்கைக்காக அலைந்த பரிசோதகர் அடுத்த தாளைத் திறக்கவே மாட்டார்.

தாள் முதலில் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போக வேண்டும். அவர்கள் ஒப்புதலோடு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் போகட்டும். நேரே பத்திரிகைக்கோ முகநூலுக்கோ கொடுக்காதீர்கள். கமநல சேவை நிலையத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பெரும்போகத்துக்கு எப்போது நிலம் பண்படுத்துவது, எப்போது நீர் திறப்பது என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டம் எந்தத் திகதியில் என்று செப்டெம்பர் தொடக்கத்திலேயே விசாரித்து, அதற்கு முன்பே தாள் அங்கே போய்ச் சேரும்படி பாருங்கள்.